சுகர் இருக்கிற வீட்டுக்கு

“இவருக்கு வாய்க்கட்டே கிடையாது டாக்டர்” என்று சுகர் கிளினிக்கில் முதலில் புகார் சொல்வது பெரும்பாலும் கூட வந்தவர்தான். வாய்க்கட்டு மட்டும் போதுமா? வீட்டில் சமைப்பது யார், சோறு எத்தனை மணிக்குத் தட்டில் விழுகிறது, மாத்திரைக்குக் காசு யார் கையில் இருக்கிறது, சீட்டைப் படிக்கக் கண் தெரிகிறதா என்பதையெல்லாம் பொறுத்துத்தான் ஒருவர் தன் உடம்பைக் கவனித்துக்கொள்ள முடியும். அதனால் இந்தக் குறிப்புகளை வீட்டில் எல்லோரும் படியுங்கள்.

1. சுகர் அம்மாவுக்கு என்றால் முதல் தட்டு அவருக்கு. எல்லோருக்கும் பரிமாறி, அடுப்படியை ஒழித்துவிட்டு, மிச்சம் மீதியோடு அவர் உட்காரும்போது மணி மூன்றாகிவிடும். காலையில் போட்ட கிளிமிபிரைடு வகை மாத்திரையோ இன்சுலினோ அதுவரை காத்திருக்காது. வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், ஒன்றுமில்லாததற்கு எரிந்து விழுவார். கோபம் என்று நினைத்துப் பதிலுக்குச் சண்டை போடாதீர்கள். சர்க்கரை அளவைப் பாருங்கள்.

2. அளவு 70க்குக் கீழே இருந்தால் மூன்று நான்கு டீஸ்பூன் சர்க்கரையையோ குளுக்கோஸ் பொடியையோ தண்ணீரில் கரைத்து உடனே கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை கொடுங்கள். சாக்லேட் உதவாது, அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதமாக்கும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108க்குக் கூப்பிடுங்கள். குளுக்கோஸ் டப்பா இருக்கும் இடம் பேரப்பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

3. தனிச் சமையல் நாலு நாளைக்கு மேல் நடக்காது. எல்லோருக்கும் ஒரே சமையல் செய்து, அவர் தட்டில் பாதியைக் காயும் கீரையும் நிரப்பிவிட்டு, பிறகு சோறு வையுங்கள். சோற்றை விட்டுவிட்டு ஐந்தாறு சப்பாத்தி சாப்பிடுவதில் லாபம் எதுவும் இல்லை. கேழ்வரகுக் கூழும் மாவுச்சத்துதான், சொம்பு சொம்பாகக் குடித்தால் ஏறத்தான் செய்யும்.

4. சஷ்டி, ஏகாதசி, ரமலான் என்று எந்த நோன்பு இருப்பதானாலும் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லி, மாத்திரை அளவையும் நேரத்தையும் மாற்றி வாங்கிக்கொள்ளுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம், வெறும் வயிற்றில் வழக்கம்போலப் போடவும் வேண்டாம்.

5. கல்யாணப் பந்தியில் “ஒரே ஒரு ஜாங்கிரி என்ன பண்ணிடும்?” என்று வற்புறுத்துகிறவர் ஒரு ரகம். “அவருக்கு வைக்காதீங்க, சுகர்!” என்று பந்தி முழுக்கக் கேட்கும்படி கத்துகிறவர் இன்னொரு ரகம். இரண்டாமவர் செய்யும் கெடுதல்தான் பெரிது என்பேன். அந்தக் கூச்சத்தில்தான் பலர் வெளியூர் போனால் ஊசியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறார்கள்.

6. மாதக் கடைசியில் மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போட்டு நாளை ஓட்டுகிறவர்கள் உண்டு. கேட்டால் சொல்ல மாட்டார்கள். அட்டையை எண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடும். விலைதான் சிக்கல் என்றால் அதை மருத்துவரிடமே சொல்லுங்கள், விலை குறைந்த மாத்திரைகள் இருக்கின்றன. தமிழ்நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன.

7. பிரிக்காத இன்சுலினை ஃபிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் வையுங்கள். ஃபிரீசரில் வைக்கக் கூடாது, உறைந்துபோனால் தூக்கி எறிய வேண்டியதுதான். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் பெரிய மண்சட்டிக்குள் சின்னச் சட்டியை வைத்து, இடைவெளியில் மணலை நிரப்பி நனைத்துவிடுங்கள். மருந்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி உள்சட்டியில் வைத்து, ஈரத்துணியால் மூடி, காற்றாட நிழலில் வைத்தால் போதும். மணல் காயக் காயத் தண்ணீர் தெளிக்க வேண்டும். ஊசியை ஒரே இடத்தில் குத்திக்கொண்டே இருந்தால் அங்கே கட்டி தட்டி, மருந்து சரியாகச் சேராது. இடத்தை மாற்றிக்கொண்டே இருங்கள்.

8. தொப்பையும் மூட்டுவலியும் உள்ளவரால் தன் உள்ளங்காலைப் பார்க்க முடியாது. தினமும் படுக்கப்போகும் முன் வேறு யாராவது பார்க்க வேண்டும். ஆளில்லை என்றால் தரையில் ஒரு கண்ணாடியை வைத்துக் காலை அதன்மேல் தூக்கிக் காட்டினால் தெரியும். விரலிடுக்கு, குதிகால் வெடிப்பு, கொப்புளம் எதையும் விடாதீர்கள். உணர்ச்சி மரத்த காலில் முள் ஏறினாலும் வலிக்காது, செருப்பு கழன்றாலும் தெரியாது. எம்.சி.ஆர். என்கிற மெத்தென்ற ரப்பர் செருப்பு, பின்வாருடன் வாங்குங்கள். சித்திரை வெயிலில் கோயில் பிராகாரத்துக் கருங்கல்லில் வெறுங்காலோடு சுற்றினால் கொப்புளம் நிச்சயம், விடியற்காலையில் போய் வாருங்கள். கால் ஆணியை பிளேடால் சீவவே கூடாது.

9. குளுக்கோமீட்டரில் குத்தும் முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடையுங்கள். மாம்பழம் நறுக்கிய விரல் பொய்க் கணக்குக் காட்டும். விரல்நுனியின் பக்கவாட்டில் குத்தினால் வலி குறைவு. வந்த எண்ணை தினசரி காலண்டர் தாளில் எழுதி வையுங்கள். எண்ணைப் பார்த்ததும் திட்டாதீர்கள். இரண்டு முறை திட்டு வாங்கியவர் மூன்றாம் முறை குத்திப் பார்க்கவே மாட்டார்.

10. நன்றாக நடந்துகொண்டிருந்தவர் வாக்கிங்கை விட்டுவிட்டார், தூக்கமில்லை, “இனி என்ன இருக்கு” என்கிறார் என்றால் சோம்பேறித்தனம் என்று பேசாதீர்கள். மனச்சோர்வாக இருக்கலாம், அதற்கும் வைத்தியம் உண்டு.

11. கண் நன்றாகத் தெரிகிறதே என்று விழித்திரைப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். பார்வை மங்குவதற்கு முன்பே விழித்திரை பழுதாகத் தொடங்கிவிடும். வருடம் ஒருமுறை கண்ணில் சொட்டு மருந்து விட்டு, கண்பாப்பாவை விரித்துப் பார்க்க வேண்டும். அன்றைக்குச் சில மணி நேரம் கண் கூசும், வண்டி ஓட்ட முடியாது. வீட்டிலிருந்து ஒருவர் கூடப் போய் வாருங்கள்.