எந்த ஒலிக்கு யார் ஆடுகிறார்?

மலையூரான ஜமுனாமரத்தூரின் பிள்ளைகள் சிலர் என்னிடம் கேட்டார்கள்: "இந்த டிஜே பாட்டு வீடியோவுல கதையே இல்லையே, என்னத்தப் பாக்கறது?" அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. கதையைத் தேடாதீர்கள். இந்தப் பாட்டுகளில் வரிகள் கொஞ்சம்தான். தாள அடியும் ஒலியும்தான் பாட்டு. நல்ல இயக்குநர் அந்த ஒலியையே படமாக்குவார். திரையில் ஒன்று அசைந்தால், எந்த ஒலிக்கு அசைகிறது என்று பாருங்கள்.

2. இதைப் பழக டாஃப்ட் பங்க்கின் 'அரவுண்ட் தி வேர்ல்ட்' (1997) ஒன்று போதும். மிஷேல் கோந்த்ரி இயக்கியது. பாட்டில் மூன்றே சொற்கள். மேடையில் ஐந்து கூட்டம் ஆடுகிறது, ஒவ்வொன்றும் ஓர் ஒலிக்கு. படியில் ஏறி இறங்கும் விளையாட்டு வீரர்கள் பேஸ், சுற்றி நடக்கும் ரோபோக்கள் இயந்திரக் குரல், எலும்புக்கூடுகள் கிட்டார், மம்மிகள் டிரம் மெஷின், பளபள உடைப் பெண்கள் கீபோர்டு. ஒரு தடவைக்கு ஒரு கூட்டத்தை மட்டும் பாருங்கள். தெருக்கூத்தில் மத்தளக்காரர் கையையும் வேஷக்காரர் காலையும் சேர்த்துப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது சீக்கிரம் பிடிபடும்.

3. போன் ஸ்பீக்கரில் பார்க்க வேண்டாம். அவ்வளவு சின்ன ஸ்பீக்கரில் தாழ்ந்த பேஸ் ஒலி சரியாக வராது. இயர்போன் போட்டுக்கொள்ளுங்கள்.

4. எண்ணுங்கள். அடி நாலு நாலாக வரும். எட்டு நாலு, அதாவது 32 அடி முடிகிற இடத்தில் பெரும்பாலும் ஓர் ஒலி புதிதாகச் சேரும், அல்லது ஒன்று விலகும். நிமிடத்துக்கு 120 அடி ஓடும் பாட்டில் இது 16 வினாடிக்கு ஒருமுறை. அதே கோந்த்ரி கெமிக்கல் பிரதர்ஸுக்கு எடுத்த 'ஸ்டார் கிட்டார்' (2002) வீடியோவை எண்ணிக்கொண்டே பாருங்கள். ஓடுகிற ரயிலின் ஜன்னல், அவ்வளவுதான். ஆட்டக்காரரே கிடையாது. வெளியே கம்பமும் கட்டடமும் பாலமும் அடிக்கு அடி சரியாக வந்து போகும். முதல் தடவை வெறும் பயணக் காட்சி என்றுதான் தோன்றும். கணக்குப் பிடிபட்டதும் மெய் சிலிர்க்கும். போளூர் பஸ்ஸில் ஜன்னல் சீட்டு கிடைக்கிற நாளில் அந்தப் பாட்டைப் போட்டுக்கொண்டு மலை ஏறுங்கள்.

5. ஒலி புரிந்த பிறகு, இது யார் ஊர், ஆடுகிறவர் யார் என்று கேளுங்கள். மேஜர் லேசரும் டிஜே ஸ்னேக்கும் சேர்ந்து செய்த 'லீன் ஆன்' (2015) வீடியோ இந்தியாவில் எடுத்தது. ஆட்டம் எனக்குப் பிடிக்கும். ஆனால் நம்மவர்கள் அதில் பெரும்பாலும் பாடகிக்குப் பின்னால், அழகுக்காக நிற்கிறார்கள். அது எனக்கு உறுத்துகிறது. அதோடு 'எஞ்சாய் எஞ்சாமி'யை (2021) வைத்துப் பாருங்கள். சந்தோஷ் நாராயணன் இசை. பாடகி தீயும் பாடகர் அறிவும் சேர்ந்து பாடியது. பின்னால் அதே டிஜே ஸ்னேக் இதை ரீமிக்ஸ் செய்தார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டுத் திரும்பிய அறிவின் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கைதான் அந்தப் பாட்டுக்கு வேர். ஆடுவதற்கு ஏற்ற பாட்டுதான், ஆனால் உள்ளே ஒப்பாரி இருக்கிறது. ஆட்டத்தையும் ஒப்பாரியையும் சேர்த்துக் கேட்கப் பழகுங்கள்.

6. பெயர்களைப் படியுங்கள். 2021 ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' அட்டையில் தீயின் படம் வந்தது. 'எஞ்சாய் எஞ்சாமி'யை எழுதிய அறிவின் படம் இல்லை. இயக்குநர் பா. ரஞ்சித் உட்படப் பலர் எதிர்த்துக் கேட்டார்கள். அதன் பிறகு அறிவுக்கென்று தனியாக ஒரு டிஜிட்டல் அட்டை வந்தது. கேட்டதால் வந்தது.

7. சொந்தமாக எடுக்க ஆசையா? ஃபேட்பாய் ஸ்லிம்மின் 'பிரெய்ஸ் யூ' (1999) பாருங்கள். ஸ்பைக் ஜோன்ஸ் சில நூறு டாலர் செலவில், ஒரு சினிமா தியேட்டர் வாசலில் ஒரு குழுவை ஆடவைத்து எடுத்தது, தானும் ஆடியிருக்கிறார். எம்டிவி விருதுகள் மூன்று கிடைத்தன. ஆகவே காசில்லை என்று தயங்காதீர்கள். உங்கள் ஊர்க் கோடை விழாவில் ஆடுகிறவர்களை எடுப்பதானால் கேட்டுவிட்டு எடுங்கள். எடிட் முடிந்ததும் முதலில் அவர்களுக்குப் போட்டுக் காட்டுங்கள். ஆடியவர், மேளம் அடித்தவர் எல்லோர் பெயரும் கடைசியில் எழுத்தில் வரட்டும்.