பெயர் வினையான கதை

சென்ற ஆண்டு மொழிபெயர்ப்பு வகுப்பில், ஓர் ஆலை விபத்தைப் பற்றிய ஆங்கில நாளேட்டுச் செய்தியைத் தந்து தமிழாக்கச் சொன்னார் எங்கள் ஆசிரியர். நிர்வாகம் விசாரணையைப் 'பர்க்' செய்துவிட்டது என்று அதில் ஒரு வாக்கியம். பர்க் என்றதும் வாரன் ஹேஸ்டிங்ஸ் மீது குற்றஞ்சாட்டி முழங்கிய எட்மண்ட் பர்க்தான் என் நினைவுக்கு வந்தார். "நிர்வாகம் எட்மண்ட் பர்க்கைப் போல விசாரணை நடத்தியது" என்று எழுதிவிட்டேன். வகுப்பே சிரித்தது. ஆசிரியர் மட்டும் சிரிக்காமல், "நூலகத்தில் பெரிய அகராதி இருக்கிறது, போய்ப் பார்" என்றார்.

பார்த்தேன். இந்தப் பர்க் வேறு ஆள். வில்லியம் பர்க், அயர்லாந்திலிருந்து ஸ்காட்லாந்துக்குக் கால்வாய் வெட்ட வந்த கூலியாள். அக்காலத்தில் எடின்பரோ நகரம் மருத்துவக் கல்விக்குப் பெயர் பெற்றது. மாணவர்களோ பலர், அறுத்துப் பயிலச் சட்டம் அனுமதித்த உடல்களோ மிகச் சிலவே. ஆகவே கல்லறைகளைத் தோண்டிப் பிணம் விற்பதே ஒரு தொழிலாக இருந்தது.

1827 இறுதியில் பர்க்கின் நண்பன் ஹேர் நடத்திய விடுதியில், 4 பவுண்டு வாடகைப் பாக்கியுடன் ஒரு முதியவர் நோயுற்று இறந்தார். இருவரும் அவருடலை டாக்டர் நாக்ஸ் என்பாரின் பயிற்சிக்கூடத்துக்கு விற்றார்கள். கிடைத்தது 7 பவுண்டு 10 ஷில்லிங். அடுத்த பிணம் தானாக விழும்வரை காத்திருக்க அவர்களுக்குப் பொறுமையில்லை. 1828-இல் 16 பேரைக் கொன்றார்கள். ஏழைகள், வழிப்போக்கர்கள், தேட ஆளில்லாதவர்கள். சாராயம் ஊற்றிக் கொடுத்து, மேலே விழுந்து அழுத்தி, மூக்கையும் வாயையும் பொத்திவிடுவார்கள். காயமில்லை, குருதியில்லை, உடலும் கெடாமல் விலைபோகும்.

கடைசியாக டோச்சர்ட்டி என்ற பெண்ணின் உடலை வைக்கோலுக்கடியில் கண்டவர்கள், அங்கே தங்கியிருந்த கிரே என்ற ஏழைத் தம்பதியர். வாய் திறவாதிருந்தால் வாரம் 10 பவுண்டு வரை கிடைக்கும் என்று ஆசை காட்டப்பட்டது. அவர்கள் மறுத்துக் காவலரிடம் சென்றார்கள். இக்கதையில் நான் வணங்குவது இவ்விருவரைத்தான்.

ஆனால் தடயமற்ற கொலையை மெய்ப்பிப்பது எப்படி? மருத்துவர்களாலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எனவே ஹேரை அப்ரூவராக்கினார்கள், அவன் தப்பினான். பர்க் 1829 ஜனவரி 28-இல் தூக்கிலிடப்பட்டான். கயிறு வேண்டாம், அவனைப் 'பர்க்' செய்யுங்கள் என்று கூட்டம் கூவியதாக அக்கால ஏடுகள் எழுதின. உயிர் போகுமுன்பே அவன் பெயர் வினைச்சொல்லாகிவிட்டது! அவனுடலும் அறுத்துப் பார்க்கப்பட்டது. எலும்புக்கூடு எடின்பரோ பல்கலைக்கழகத்தில் உள்ளது. 1832-இல் வந்த சட்டம், உரிமை கோருவாரற்ற உடல்களை மருத்துவக் கூடங்களுக்கு வழங்க வழி செய்தது. அதாவது அப்போதும் ஏழைகளின் உடல்களே.

மூச்சையடக்கிக் கொல்லுதல் என்ற முதற்பொருள் அந்நூற்றாண்டிலேயே விரிந்து, ஒரு செய்தியையோ விவாதத்தையோ வெளிவராமல் செய்தல் என்றாயிற்று. 'தடுத்தல்', 'மறுத்தல்' என்று இதைப் பெயர்ப்பது எனக்கு உடன்பாடில்லை. தடுப்பவனும் மறுப்பவனும் வெளிப்படையாகவே செய்கிறார்கள். இதுவோ வடுத் தெரியாமல் மூச்சை நிறுத்துவது. 1880-இல் பிறந்த 'பாய்காட்' இதற்கு நேர்மாறு; பாய்காட் துரை அத்துன்பத்தை அனுபவித்தவர், பர்க் செய்தவன். உடலை விலைக்கு வாங்கிய நாக்ஸின் பெயரில் வினைச்சொல் எதுவும் தோன்றவில்லை என்பதையும் கவனித்தேன்.

"நிர்வாகம் விசாரணையை அமுக்கிவிட்டது" என்று திருத்தி எழுதிக் காட்டினேன். ஆசிரியர் சரியென்று குறியிட்டு, 'அமுக்கி' என்பதன்கீழ் மட்டும் கோடிட்டுக் 'கொச்சை' என எழுதினார். நம் வீட்டிலும் தெருவிலும் வழங்கும் அச்சொல்லைவிடப் பொருத்தமான ஒன்றை நான் இன்னும் காணவில்லை.