வளைகாப்புக்கு ஒரு சுருக்குப் பை

கேள்வி: வளைகாப்புக்கு வருகிறவர்களுக்குக் கையால் தைத்த ஏதாவது கொடுக்க ஆசை. மெஷின் மிதிக்கத் தெரியும், நேரம்தான் இல்லை. எதைத் தைக்கலாம்?

பதில்: சுருக்குப் பை. ரவிக்கைத் துணியில் 7 அங்குல அகலம், 18 அங்குல நீளம் வெட்டி, நல்ல பக்கம் உள்ளே வர இரண்டாக மடியுங்கள். பக்கங்களைத் தைக்கும்போது மேலே 3 அங்குலம் விட்டுவிடுங்கள். விட்ட ஓரங்களை மடித்துத் தைத்தபின், வாயை 1½ அங்குலம் மடித்து அடித்தால் நாடாவுக்கு வழி. நாடா இரண்டு வேண்டும்: ஒன்றை வலப்பக்கம் நுழைத்து, முழுச் சுற்று வந்து அங்கேயே முடிச்சிடுங்கள், மற்றது இடப்பக்கம். அப்போதுதான் வாய் இறுகும். கோக்க ஒரு ஊக்கு போதும். பட்டென்றால் நூல் பிரியும், உள்ளே மல் துணி கொடுங்கள். ஒரு டஜன் கண்ணாடி வளையல் தாராளமாகப் பிடிக்கும்.