கேட்டுவிட்டு வாங்காமல் போனவர்

மாதம் முடிந்து பேரேட்டைப் புரட்டினால் எந்தச் சரக்கு எவ்வளவு போயிற்று என்பது தெரிந்துவிடும். கேட்டுவிட்டு வாங்காமல் போனவர் எத்தனை பேர், ஏன் போனார்கள் என்பது எந்தப் பேரேட்டிலும் இராது. அதை அறியும் வழிக்கு அறிஞர்கள் இனவரைவியல் என்று பெயர் வைத்துள்ளனர். மக்களோடு இருந்து, அவர்கள் செய்வதைப் பார்த்து, பார்த்தபடி எழுதிவைப்பதே அது.

போலந்தில் பிறந்த மலினோவ்ஸ்கி என்ற அறிஞர் 1915 முதல் 1918 வரை இரு தடவை நியூகினி அருகேயுள்ள ட்ரோபிரியாண்ட் தீவுகளில் தங்கி, அம்மக்களின் மொழியைக் கற்று, கொடுக்கல் வாங்கல் முறைகளை ஆராய்ந்தார். பிற்காலத்தில் இந்த முறை தொழில் நிறுவனங்களுக்கும் வந்து சேர்ந்தது.

மானிடவியல் கற்ற லூசி சச்மன் 1979-இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் கலிபோர்னியா ஆராய்ச்சிக் கூடத்திற்கு வந்தார். நிறுவனத்தின் நகல் இயந்திரம் ஒன்று சிக்கலாக இருக்கிறது என்று வாங்கியவர்கள் குறை கூறிவந்தனர். அதை இயக்குவோரை அவர் படம் பிடித்தார். கணினித் துறையில் பெயர் பெற்ற இரு விஞ்ஞானிகளே, தாளின் இரு பக்கமும் நகல் எடுக்கத் தெரியாமல் திண்டாடியது படத்தில் பதிவாயிற்று. குறை வாங்கியவரிடம் இல்லை என்பது அப்போது விளங்கியது.

பார்த்துச் சொன்னதைக் கேளாமல் விட்ட கதையும் உண்டு. டிரிசியா வாங் என்பவர் 2009-இல் நோக்கியாவுக்காகச் சீனாவில் ஆராய்ந்தார். தெருவோர வியாபாரிகளோடும் கூலி வேலைக்கு வந்தவர்களோடும் பழகினார். குறைந்த வருமானக்காரர்களும் ஸ்மார்ட்போன் வாங்கத் துடிப்பதைக் கண்டு நிறுவனத்திடம் கூறினார். நூறு பேரைப் பார்த்துச் சொல்வது எங்கள் லட்சக்கணக்கான கணக்குக்கு ஈடாகுமா என்று ஒதுக்கிவிட்டதாக அவரே பின்னர் தெரிவித்தார். 2013-இல் நோக்கியா தன் கைப்பேசித் தொழிலை மைக்ரோசாஃப்டுக்கு விற்க ஒப்பந்தம் செய்தது. வீழ்ச்சிக்கு வேறு காரணங்களும் உண்டு. எனினும் நாம் படிக்க வேண்டிய பாடம் இதில் இருக்கிறது.

இன்று நம் கடைகளிலும் கணினி பில் போடுகிறது. விற்றது எவ்வளவு என்று அது சொல்லும். விற்காதது ஏன் என்று சொல்லாது. கால் கிலோ துவரம் பருப்பு வாங்க வந்தவர், அரைக் கிலோ பொட்டலம் மட்டும் இருப்பதைக் கண்டு பேசாமல் திரும்புகிறார். நமக்கு அவர் வந்ததே தெரியாது. மறுநாள் முதல் பெரிய அங்காடிக்குப் போய்விடுகிறார்.

"நம் வாடிக்கையாளரை நமக்குத் தெரியாதா?" என்று கேட்கலாம். பல வருடப் பழக்கமே சில சமயம் கண்ணை மறைத்துவிடும். எனவே மூன்று காரியங்கள் செய்வோம்.

1. 'இல்லை' என்று சொன்ன ஒவ்வொரு சரக்கையும் அன்றே ஒரு நோட்டில் குறிப்போம்.

2. வாரம் ஒரு மணி நேரம் கல்லாவை விட்டு இறங்கி, வருபவர் எதை எடுத்துப் பார்த்துத் திரும்ப வைக்கிறார் என்று கவனிப்போம்.

3. கடைப் பையனிடம் கேட்போம். நம்மிடம் சொல்லக் கூசுவதை அவனிடம் சொல்லியிருப்பார்கள்.

மூன்று மாதம் எழுதிய பிறகு, அந்த நோட்டைப் பார்த்துக் கொள்முதல் செய்வோம். பெரிய கம்பெனிகள் சம்பளத்துக்கு ஆள் வைத்துச் செய்யும் வேலை இது. நமக்கு ஒரு நோட்டும் கொஞ்சம் பொறுமையும் போதும்.