இடுப்பு வலியா? தைலத்துக்கு முன்னால் சோதனை



மரம் சீவுகிறவர் பட்டையைப் பார்க்காமல் உளியை வைக்க மாட்டார். போன வெட்டு எங்கே நின்றது, பட்டை எவ்வளவு கனம் என்று பார்த்த பிறகுதான் கை வைப்பார். உளி ஆழமாகப் போனால் மரத்தில் காயம் விழும். மரத்துக்கே இவ்வளவு கவனம்! ஆனால் நமக்கு இடுப்பு பிடித்துக்கொண்டால், "தைலத்தைத் தேய்ச்சு நல்லா மிதிச்சு விடு" என்கிறோம். இது சரியா?

நம் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் ஜொகூர் பாலம் தாண்டிச் சிங்கப்பூரில் உழைக்கிறார்கள். கட்டட வேலை, கப்பல் பட்டறை, துப்புரவு, சாமான் ஏற்றி இறக்குவது என்று எல்லாமே முதுகும் தோளும் தாங்கும் வேலை. லீவு நாளில் தேக்காவில் சந்தித்தால் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் வைத்தியம் தைலமும் வலி மாத்திரையும்தான். தேக்காவுக்குத் தூரமில்லாத டான் டோக் செங் மருத்துவமனை 1844-இல் ஏழை நோயாளிகளுக்காகத் தொடங்கப்பட்டது. அங்கேயும் மற்றப் பெரிய மருத்துவமனைகளிலும் பிசியோதெரபி பகுதி உண்டு. முதலில் டாக்டரைப் பார்த்து, அவர் எழுதிக் கொடுத்தால் அங்கே போகலாம்.

போனதும் பிடித்து விடுவார்கள் என்று எண்ண வேண்டாம். முதல் நாளில் பெரும்பகுதி கேள்வியும் சோதனையும்தான். சிகிச்சைக்கு அதுவே அஸ்திவாரம். அது எப்படி நடக்கிறது?

1. கேள்வி: எங்கே வலிக்குது? எப்போ ஆரம்பிச்சது? காலுக்கு இறங்குதா? எதைச் செய்தால் கூடுது, எதைச் செய்தால் குறையுது? வலி இல்லாததற்கு 0, தாங்க முடியாததற்கு 10 என்று வைத்து ஒரு எண் சொல்லச் சொல்வார்கள். "பரவாயில்லீங்க" என்று சொல்லி மழுப்ப வேண்டாம். பழைய நோய், சாப்பிடும் மருந்து எல்லாவற்றையும் சொல்லுங்கள்.

2. பார்வை: நிற்க வைத்து முன்னாலும் பின்னாலும் பக்கத்திலும் பார்ப்பார்கள். கொத்தனார் தூக்குநூல் பிடிப்பது போலத்தான். பக்கத்திலிருந்து பார்த்தால் காது, தோள், இடுப்பு, முட்டி ஏறத்தாழ ஒரே கோட்டில் வந்து, கோடு கணுக்காலுக்குச் சற்று முன்னால் விழ வேண்டும். பின்னாலிருந்து இரண்டு தோளும் இரண்டு இடுப்பெலும்பும் சமமாக இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள்.

3. அசைவு: குனி, நிமிர், பக்கத்தில் சாய், திரும்பு என்பார்கள். எது வரை போகிறது, எங்கே வலிக்கிறது என்று குறித்துக்கொள்வார்கள்.

4. பலமும் நரம்பும்: தசையின் பலத்துக்கு 0 முதல் 5 வரை மதிப்பெண் போடுவார்கள். 5 என்றால் முழுப் பலம். பிறகு மல்லாக்கப் படுக்க வைத்து, முட்டியை மடக்காமல் ஒரு காலை மெல்லத் தூக்குவார்கள். அப்போது வலி காலோடு சுரீரென்று இறங்கினால், முதுகில் நரம்பு அழுந்தியிருக்கலாம் என்று சந்தேகிப்பார்கள்.

5. வேலை: மூட்டை தூக்குவது எப்படி, எத்தனை மணி நேரம் குனிந்து நிற்கிறீர்கள் என்று செய்து காட்டச் சொல்வார்கள்.

ஒரு தோள் கொஞ்சம் இறங்கியிருக்கிறது என்றால் பயப்பட வேண்டாம். பல ஆண்டு காண்டா சுமந்த தோள் அப்படி இருக்கலாம். வலியே இல்லாத பலருக்கும் உடம்பு கொஞ்சம் கோணல்தான். நிற்கும் நிலை ஒரு தடயம். அதுவே நோய் அல்ல. ஒரே நிலையில் வெகுநேரம் இருப்பதும், உடம்பு பழகாத பாரத்தைத் திடீரென்று தூக்குவதும் வலிக்கு வழி செய்யும். சாதாரண முதுகு வலிக்குப் பல நாள் படுத்தே கிடப்பதும் நல்லதல்ல. முடிந்த அளவு நடமாடுவதே நல்லது.

இப்போது முக்கியமான விஷயம். வேலையில் அடிபட்டவர், "முதலாளி நிறுத்திடுவாரோ" என்று பயந்து, "குளிக்கிற இடத்தில் வழுக்கி விழுந்தேன்" என்று சொல்வதுண்டு. அப்படிச் சொன்னால் அதுதான் மருத்துவக் குறிப்பில் ஏறும். சிகிச்சையும் திசை மாறும், உரிமையும் கை நழுவும். சிங்கப்பூரின் 2019-ஆம் ஆண்டு வேலைக் காய இழப்பீட்டுச் சட்டம் 2020 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. ஒப்பந்தத்தில் வேலை செய்யும் வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் அது உண்டு. வீட்டுப் பணிப்பெண்களுக்கு இல்லை. வேலையில் பட்ட காயத்துக்கான பிசியோதெரபிச் செலவும் அதில் அடங்கும். விபத்து நடந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் இழப்பீடு கேட்க வேண்டும். ஆகவே முதல் நாளே மேற்பார்வையாளரிடமும் டாக்டரிடமும் உண்மையைச் சொல்லுங்கள்.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்: சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது அல்லது தானாகப் போவது, மலம் அடக்க முடியாமை, தொடை இடுக்கிலும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போவது, காலில் பலம் குறைந்துகொண்டே போவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். அப்போது மிதிப்பதும் நீவுவதும் ஆபத்து. காய்ச்சலோடு முதுகு வலி, காரணமில்லாமல் உடம்பு இளைப்பது, உயரத்திலிருந்து விழுந்த பின் வரும் வலி ஆகியவற்றுக்கும் தாமதமில்லாமல் டாக்டரைப் பாருங்கள்.

சிங்கப்பூரில் இருக்கும் பிள்ளைக்குப் போன் போடும்போது "சாப்பிட்டியா?" என்று கேட்கிறோம். "முதுகு எப்படி இருக்கு? டாக்டர்கிட்ட வேலையைப் பத்திச் சொன்னியா?" என்றும் கேளுங்கள்.