பக்கவாதம்: வெப்ப ஒத்தடமும் அசைவுப் பயிற்சியும்

கடலூர், சிதம்பரம் சுற்றுவட்டாரங்களில் பக்கவாத நோயாளி வீடு திரும்பியதும் உப்பையோ தவிட்டையோ வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுப்பது வழிவழியாக வரும் பழக்கம். அன்பினால் செய்யப்படும் அப்பணி சில வேளைகளில் கொப்புளத்தில் முடிவதை நாங்கள் கண்டிருக்கிறோம். நோயாளி பொறுத்துக்கொள்ளவில்லை, சுடுவதே அவருக்குத் தெரியவில்லை.

பக்கவாதம் தசையின் நோயன்று. மூளையின் இரத்தக் குழாயில் ஏற்படும் அடைப்பு அல்லது கசிவின் விளைவு. ஆகவே கையைச் சூடேற்றுவதால் இழந்த வலிமை திரும்புவதில்லை. வெப்பம் இறுக்கத்தையும் வலியையும் சிறிது நேரம் தணிக்கும். அந்த இடைவெளியில் மூட்டை எளிதாக அசைக்கலாம். ஒத்தடம் பயிற்சிக்கு முன்னேற்பாடு மட்டுமே.

ஒத்தடம் கொடுக்கும்போது

மருத்துவரைக் கேட்ட பின்பே தொடங்குங்கள். சூட்டை முதலில் உங்கள் முன்கையிலும், பின்னர் நோயாளியின் பாதிக்கப்படாத கையிலும் சோதியுங்கள். இதமான சூடே போதும். இடையில் மடித்த துண்டை வைத்து, 15 முதல் 20 நிமிடங்களுக்குள் முடியுங்கள். ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை தோலைப் பாருங்கள். மிகுதியாகச் சிவந்தால் உடனே நிறுத்துங்கள். உணர்ச்சியற்ற இடம், புண், வீக்கம் ஆகியவற்றின்மேல் ஒத்தடம் கூடாது. சூட்டைச் சொல்ல இயலாதவருக்கும், நெடுநாள் நீரிழிவால் கால் மரத்துப்போனவருக்கும் ஒத்தடத்தைத் தவிர்ப்பதே நன்று.

அசைவுப் பயிற்சி

நோயாளியால் அசைக்க இயலாத மூட்டைப் பிறர் அசைத்துக் கொடுப்பது இப்பயிற்சி. மூட்டு இறுகிப்போகாமல் இது காக்கிறது. தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல்கள், இடுப்பு, முழங்கால், கணுக்கால் என ஒவ்வொன்றையும் நாளுக்கு இருவேளை, வேளைக்கு ஐந்து முதல் பத்து முறை அசையுங்கள். மெதுவாகச் செய்வது இன்றியமையாதது. விரைந்து இழுத்தால் தசை மேலும் இறுகும். வலி தோன்றும் எல்லையைக் கடக்க வேண்டாம்.

தோளில் தனிக் கவனம் தேவை. வலுவிழந்த தசையால் மேற்கை எலும்பு தன் குழியிலிருந்து சற்றே கீழிறங்கியிருக்கலாம். எனவே நோயாளியைத் தூக்கும்போது அக்கையைப் பிடித்து இழுக்காதீர்கள். இயன்முறை மருத்துவர் கற்றுத்தராமல் கையைத் தோள் மட்டத்திற்குமேல் உயர்த்தாதீர்கள்.

ஒவ்வொரு அசைவின்போதும், “கையைப் பாருங்கள், நீங்களும் மடக்க முயலுங்கள்” என்று சொல்லுங்கள். மூளை மீண்டும் கற்பதற்கு அவருடைய முயற்சியே துணை. சிறிதளவு அசைவு திரும்பினாலும் உங்கள் உதவியைக் குறைத்து, அவரைச் செய்ய விடுங்கள்.

உடனே வர வேண்டிய நிலைகள்

ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாகவோ வலியாகவோ இருந்தால் இரத்தக் கட்டி உருவாகியிருக்கலாம். அதனை நீவவோ, ஒத்தடம் கொடுக்கவோ, அசைக்கவோ கூடாது. உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். திடீரென முகம் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, மூச்சுத் திணறினாலோ 108-ஐ அழையுங்கள்.

அடிக்கடி வர இயலாதோர், 2021-இல் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின்வழி வீட்டிலேயே இயன்முறை சிகிச்சை பெற வாய்ப்புண்டு. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டறியுங்கள்.

வீடு திரும்புமுன் ஒருநாள், பராமரிப்பவர் எங்கள் முன்னிலையில் இப்பயிற்சியைச் செய்து காட்டுமாறு வேண்டுகிறோம். பிழை இருப்பின் அங்கேயே திருத்திக்கொள்ளலாம்.