விளையாட்டில் கை சொல்லும் சேதி



கூட்டத்தில் சேமிப்பு, கடன் தவணை எல்லாம் முடிந்ததும் சில சமயம் விளையாட்டு வைக்கிறோம். "இந்த வயசுல விளையாட்டு எதுக்குங்க?" என்று சிலர் கேட்பதுண்டு. வாய் சொல்லாததை விளையாட்டில் கை சொல்லிவிடும். அது என்ன என்று பார்ப்போம்.

பாசப்பிணைப்பு என்றால் என்ன?

பயந்த குழந்தை அம்மாவிடம் ஓடி வரும். தைரியம் வந்ததும் மடியை விட்டு இறங்கி விளையாடப் போகும். இதைப் பற்றி விரிவாக எழுதியவர் இங்கிலாந்து மனநல மருத்துவர் ஜான் பௌல்பி. அவரோடு பணியாற்றிய மேரி எயின்ஸ்வொர்த், 1950களில் உகாண்டா கிராமங்களில் வீடு வீடாகப் போய்த் தாய்மாரையும் குழந்தைகளையும் கவனித்தார். பெரியவர்களின் காதல் உறவிலும் இது தொடர்கிறது என்று 1987இல் சிண்டி ஹாசன், பிலிப் ஷேவர் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

நம் விளையாட்டில் எப்படித் தெரியும்?

ஒருவர் கண்ணைக் கட்டிக்கொள்ள, இன்னொருவர் கைப்பிடித்து நடத்தும் விளையாட்டை எடுத்துக்கொள்வோம்.

நம்பிக் கொடுப்பவர்: கையை லேசாகக் கொடுப்பார். தடுக்கினால் சிரித்துக்கொண்டே, "மெதுவாப் போங்கக்கா" என்பார்.

இறுக்கிப் பிடிப்பவர்: "விட்டுடாதீங்க, விட்டுடாதீங்க" என்பார். ஆட்டம் முடிந்தாலும் கையை விடமாட்டார்.

தள்ளி நிற்பவர்: "நான் வேடிக்கை பார்க்கிறேன்" என்பார். வந்தாலும் கட்டுக்குக் கீழே எட்டிப் பார்த்துத் தானே நடப்பார்.

ஆசையாக வந்து, கை பட்டதும் விலகுகிறவரும் உண்டு.

இது ஒரு சாடைதான், முடிவு அல்ல. மூட்டுவலி, மாதவிலக்கு, கர்ப்பப்பை இறக்கம், களை எடுத்த அசதி எதுவும் காரணமாக இருக்கலாம். கணவரை இழந்தவர், ஊர் பேசுமே என்று ஒதுங்கலாம். எனவே யாருக்கும் பட்டப்பெயர் வைக்க வேண்டாம்.

இது நமக்கு ஏன் முக்கியம்?

தள்ளி நிற்கும் சகோதரி, கஷ்டத்திலும் தள்ளியே நிற்கக்கூடும். பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றாலும் குழுவில் கேட்காமல் கந்துவட்டிக்குப் போவார். இரண்டு தவணை தவறிய பிறகுதான் நமக்கே தெரியும். அப்போது "திமிர் பிடிச்சவ" என்று பேசுகிறோம். அழுதபோது தூக்க ஆளில்லாமல் வளர்ந்தவர், யாரையும் எதிர்பார்க்காமல் இருக்கப் பழகியிருக்கலாம். அன்று அவரைக் காத்தது அந்தப் பழக்கம்தான்.

இதற்காகத் தாயைக் குறை சொல்ல வேண்டாம். மரத்தடியில் தூளி கட்டிவிட்டு நாற்று நட்ட தாய்க்கு வேறு வழி ஏது? பாட்டியோ அத்தையோ அன்பாகப் பார்த்துக்கொண்டால் அந்தக் குழந்தைக்கும் பிடிப்பு உண்டு. வளர்ந்த பிறகும், சொன்ன சொல் தவறாத மனிதர்கள் கிடைத்தால் இந்தப் பழக்கம் மெல்ல மெல்ல மாறும். நம் குழு அப்படிப்பட்ட இடமாக இருக்க முடியும்.

என்ன செய்யலாம்?

1. கையைப் பிடித்து இழுக்காதீர்கள். தாளம் போடும் வேலையை முதலில் கொடுங்கள்.

2. படிப்படியாகப் போங்கள். கும்மியில் பெரும்பாலும் நம் கையை நாமே தட்டுகிறோம். கோலாட்டத்தில் கோல்தான் அடுத்தவரைத் தொடுகிறது. கைகோர்ப்பது அதற்குப் பிறகு வரட்டும்.

3. "நிறுத்து" என்றால் உடனே நிற்க வேண்டும். சொன்ன இடம் வரும்வரை கையை விடக் கூடாது.

4. இறுக்கிப் பிடிப்பவரைக் கேலி செய்யாதீர்கள். "இங்கதான் இருக்கேன்" என்று சொல்லுங்கள்.

5. கூட்டத்துக்கு வராதவர் வீட்டுக்கு ஊக்குநர் ஒரு எட்டு போய் வாருங்கள். தவணை கேட்க மட்டும் போகாதீர்கள்.

குழுவில் பேசுவோம்

நாம் இறுக்கிப் பிடிப்பவரா, தள்ளி நிற்பவரா? கடைசியாக எப்போது ஒருவரிடம் உதவி கேட்டோம்? நம் குழுவில் இதுவரை வாய் திறந்து எதுவும் கேட்காதவர் யார்? அவரிடம் இந்த வாரம் யார் பேசப் போகிறோம்?